துரோகி என்ற பிறகு பேச என்ன இருக்கிறது?

உரும்பிராயில் பொன். சிவகுமாரனின் சிலை நிற்கிறது. இராணுவம் உடைக்க, ஊர் மறுபடி எழுப்பிய சிலை அது. 1950இல் இந்தச் செம்மண் ஊரில் பிறந்தவர், கோப்பாயில் வங்கிப் பணத்தைப் பறிக்கப் போய், அது பிழைத்து, பொலிசார் சுற்றிவளைத்தபோது சயனைட் விழுங்கினார். 1974 யூன் 5இல் உயிர் போனது. வயது 23.

யூன் 5க்கு எங்கள் அரசியலில் இன்னொரு கணக்கும் உண்டு. அதற்குச் சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் முன்பு, 1956 யூன் 5 அன்று, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து தமிழரசுக் கட்சியினர் கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். குண்டர்கள் வந்து அடித்தார்கள். தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்த தமிழரசுக் கட்சி உறுப்பினர் அமிர்தலிங்கத்தைப் பார்த்து, போர்க்களத்து விழுப்புண் என்ற பொருள்பட நக்கலடித்தார் பிரதமர் பண்டாரநாயக்க. அன்றைய அடியை மறந்தவர்கள்கூட அந்த நக்கலை மறக்கவில்லை. வள்ளுவர் சொன்ன வடு இதுதான்.

இந்த இரண்டு யூன் 5க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்குத் தரப்படுத்தல், மொழிச் சட்டம், கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தங்கள் என்று வரலாற்றாசிரியர்கள் ஒரு பட்டியல் தருவார்கள். எல்லாம் சரி. அந்தப் பட்டியலில் வராத ஒன்று இகழ்ச்சி. உரிமை பறிபோனால் வழக்குப் போடலாம், ஊர்வலம் போகலாம். 'உன்னோடு எனக்கு என்ன பேச்சு' என்று ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எந்தக் கோட்டில் வழக்குப் போடுவது?

எதிராளியைக் கோபத்தோடு திட்டுகிறவன் இன்னும் அவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறான். இகழ்கிறவன் பேச்சை முடித்துவிட்டான். எங்கள் அரசியலில் இதற்கு மிகக் கூர்மையான ஆயுதம் 'துரோகி' என்ற பட்டம். ஒருவர் செய்தது பிழை என்றால், என்ன பிழை என்று காட்ட வேண்டும், அவர் பதில் சொல்வார், நாம் மறுக்க வேண்டும். துரோகி என்றால் அந்த வேலை ஒன்றும் இல்லை. அவருடைய பதிலும் துரோகம், மௌனமும் துரோகம், சிரிப்பும் துரோகம்.

யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த அல்பிரட் துரையப்பா இதன் முதற்பெரும் பலி. சிறீமாவோ அரசோடு சேர்ந்து நின்றார். அவரோடு வாதாட எத்தனையோ இருந்தது. ஆனால் 70களின் தொடக்கத்தில் தமிழ் மேடைகளில் துரோகிகளுக்கு இயற்கைச் சாவு கிடையாது என்ற பொருளில் பேச்சுகள் எழுந்தன. கைதட்டலும் எழுந்தது. கைதட்டியவர்களில் பெரும்பாலானோர் ஒரு கோழியைக்கூட அறுக்கத் தயங்குகிற வாத்திமார், கிளாக்கர்மார். மேடையில் நின்றவர்களுக்கு அது அலங்காரப் பேச்சு. கீழே நின்ற இளைஞர்களுக்கு அது அலங்காரம் இல்லை. 1971இல் துரையப்பாவின் காரில் குண்டு வைத்தவர் எங்கள் சிவகுமாரன். அன்று துரையப்பா தப்பினார். 1975 யூலை 27 அன்று, கிறிஸ்தவரான அவர் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிட வந்த இடத்தில் சுடப்பட்டார்.

பிறகு அந்தப் பட்டம் யார் கைக்கும் அடங்கவில்லை. உரும்பிராய் சேர்ந்திருக்கிற கோப்பாய்த் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஆலாலசுந்தரம், மானிப்பாய்த் தொகுதியின் தர்மலிங்கத்தோடு 1985 செப்டம்பர் 2 அன்று கொல்லப்பட்டார். கொன்றது தமிழர் கை. 1989 யூலை 13இல், ஒரு காலத்தில் தளபதி என்று ஊரெல்லாம் கொண்டாடிய அமிர்தலிங்கமே, பேச வந்தவர்களால் கொழும்பில் தன் வீட்டுக்குள் சுடப்பட்டார். காலிமுகத்திடலில் சிங்களக் குண்டர்களிடம் தலையுடைந்தவர், கடைசியில் தமிழர் கொடுத்த துரோகிப் பட்டத்தோடு போனார். இரண்டு மாதம் கழித்து, மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில். போதும், இந்தப் பட்டியல் நீளமானது.

'அவையள் எங்களை இகழேல்லையோ?' என்று வாசகர் கேட்பார். இகழ்ந்தார்கள். யாழ் நூலகம் எரிந்து சில வாரங்களுக்குள், 1981 யூலையில், எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம் மீது ஆளுங்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. எதிர்க்கட்சித் தலைவர்மேல் அரசாங்கம் நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போடுவது வழக்கமில்லை, அது வேறு கதை. அந்த விவாதத்தில், வளைத்த இரண்டு பாக்கு மரங்களில் கட்டி இரண்டாகக் கிழிப்பது பழைய காலத் துரோகிகளுக்குத் தண்டனை என்று சபைக்குள்ளேயே ஆர்வமாக விளக்கினார்கள். கவனியுங்கள், அவர்களுக்கும் அதே பட்டம்தான் கைகொடுத்தது. 1983 யூலைக் கலவரத்துக்குச் சரியாக இரண்டு கிழமை முன்னர், யாழ்ப்பாணத்து மக்களின் உயிரைப் பற்றியோ அபிப்பிராயத்தைப் பற்றியோ இனிக் கவலைப்பட முடியாது என்று லண்டன் பத்திரிகை ஒன்றுக்குச் செவ்வி கொடுத்தார் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன. அதில் ஆத்திரம் இல்லை. நீங்கள் கணக்கில் இல்லை என்ற நிதானமான அறிவிப்பு. இகழ்ச்சி முற்றினால் குரல் உயராது.

ஆனால் எங்கள் திண்ணைகளில் 'மோட்டுச் சிங்களவன்' எத்தனை தலைமுறையாகப் புழங்கியது? 1939இல் நாவலப்பிட்டியில் ஜி. ஜி. பொன்னம்பலம் சிங்களவரின் வரலாற்றுப் பெருமையைச் சீண்டிப் பேசியதைத் தொடர்ந்து கலகம் வெடித்தது. அப்போது சாதுரியப் பேச்சு என்று இங்கே ரசித்தார்கள். அதற்கும் முன்னமே சாதி எங்களுக்கு இகழ்ச்சியைப் பயிற்றிவிட்டிருந்தது. தேத்தண்ணிக் கடையில் ஒருவனுக்குக் கிளாஸ், இன்னொருவனுக்குப் போத்தல். ஒருவருக்கு 'வாங்கோ', அவரைவிட வயதில் மூத்த இன்னொருவருக்கு 'வா'. அரசியல் மேடை புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் பழகியதை ஒலிபெருக்கியில் சொன்னது.

இப்போது மேடையும் தேவையில்லை. கைபேசியை முன்னால் நிறுத்திவிட்டு முழு வேகத்தில் திட்டினால், பேஸ்புக்கிலும் யூரியூப்பிலும் ஆயிரக்கணக்கானோர் நேரலையில் பார்க்கிறார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் வேலை முடிந்து வந்து கேட்பதும் அதையே. யார் எந்தக் கட்சி என்பதை விட, யார் யாரைக் 'கிழித்தார்' என்பதே தேர்தல் காலச் செய்தி. துவக்கு இல்லாததால் இது விளையாட்டு என்று நினைக்கிறோம். 70களில் கைதட்டியவர்கள் கையிலும் துவக்கு இருக்கவில்லை.

கிறிஸ்தவர்கள் இதற்கு என்ன சொல்லலாம்? சைவர்களே பெரும்பான்மையாக வாழ்கிற ஊரில் சொல்வதற்கு முன், எங்கள் திருச்சபைகள் தங்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். கணக்கு சுத்தமில்லை. யாழ்ப்பாணத்தில் அச்சு இயந்திரத்தைக் கொண்டு இகழ்ச்சியை வீடு வீடாக அனுப்பியவர்களில் முதன்மையானவர்கள் மிஷனரிமார். 1841இல் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கியவர்கள், பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் கட்டியவர்கள், அதே கையால் சைவக் கடவுளரையும் கோயில் வழிபாட்டையும் ஏளனம் செய்து துண்டுப் பிரசுரங்களும் போட்டார்கள். வெஸ்லியன் மிஷன் பாதிரியார் பேர்சிவலோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்த ஆறுமுக நாவலரே, 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதவேண்டி வந்தது. நாவலரின் பேனாவும் மென்மையானதில்லை. ஏளனத்துக்கு ஏளனம் என்று அது வளர்ந்தது. எங்கள் தேவாலயங்களுக்குள்ளும் சாதிக்கொரு பக்கம் இருந்தது. ஆகவே 'கிறிஸ்தவம் அன்பின் மதம், அரசியல்வாதிகளே திருந்துங்கள்' என்று பிரசங்கம் வைத்தால், பக்கத்து வீட்டுச் சைவப் பெரியவர் சிரிப்பார். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு.

இது யாழ்ப்பாணத்துத் திருச்சபையின் பிழை மட்டும் என்றும் இல்லை. யூதர்களை இகழ்வதை ஐரோப்பியத் திருச்சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் மறைக்கல்வியாகவே கற்பித்தன. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் யூல் ஐசாக் என்பவர், மனைவியையும் மகளையும் அவுஷ்விற்ஸ் முகாமில் இழந்தவர், அந்தக் கற்பித்தலைப் பக்கம் பக்கமாகத் தொகுத்தார். 1960 யூன் 13 அன்று, எண்பது வயது தாண்டிய நிலையில், பாப்பரசர் 23ஆம் யோவானை நேரே சந்தித்துக் கொடுத்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரைத் தாழ்த்தும் அடைமொழியைப் பாப்பரசர் எடுத்துவிட்டிருந்தார். 1965 ஒக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற மதங்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இகழப்பட்டவர் ஒருவர் கதவைத் தட்டினார், உள்ளே இருந்தவர் எழுந்து வந்து கேட்டார். அதற்குப் பிறகு செபப் புத்தகம் மாறியது, பாடப்புத்தகம் மாறியது. மாற்றலாம் என்பதற்கு இது போதிய சாட்சி.

இனி சுவிசேஷத்துக்கு வருவோம். இயேசு மலைப்பிரசங்கத்தில் கொலையைப் பற்றித் தொடங்கி, அதே மூச்சில் சகோதரனை உதவாக்கரை என்றும் மூடன் என்றும் சொல்கிறவனுக்கு வருகிறார். அவனுக்கும் அதே வரிசையில் தீர்ப்பு வைக்கிறார். வாய்ப்பேச்சுக்கு நரகத் தண்டனையா, இது அதிகம் இல்லையா என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்பார்கள். பொன்னாலைக் கோயில் வாசலை அறிந்த ஊர்க்காரருக்கு அந்த வரிசை அதிகமாகத் தெரியக்கூடாது.

ஆனால் இயேசுவே பரிசேயரை வெள்ளையடித்த கல்லறைகள் என்றார், விரியன் குட்டிகள் என்றார், ஏரோதை நரி என்றார். இதையும் மறைக்கக்கூடாது. சாதுவாகப் பேசுவதே கிறிஸ்தவம் என்றால் இயேசு தேறமாட்டார். பிறகு எங்கே வித்தியாசம்? லூக்காவை எடுத்துப் பாருங்கள். அத்தனை கடுமையாகப் பேசியவர், மூன்று தரம் பரிசேயர் வீட்டிலேயே சாப்பாட்டுக்கு அமர்கிறார். கடுஞ்சொல் எல்லாம் அதிகாரத்தில் இருப்பவர்களை நோக்கி, பெரும்பாலும் முகத்துக்கு நேரே சொன்னவை. மத்தேயுவில் மிகக் கடுமையான அந்த 23ஆம் அதிகாரம் எப்படி முடிகிறது? எருசலேமை நினைத்த புலம்பலோடு. திட்டியவர் அழுகிறார். இகழ்கிறவனுக்கு அழுகை வராது. கடைசியில் அவருடைய உடலை வாங்கி அடக்கம் செய்யத் துணிந்த இருவரில் ஒருவர் பரிசேயர், மற்றவர் ஆலோசனைச் சங்கத்து உறுப்பினர். கதவு மூடப்பட்டிருந்தால் அவர்கள் வந்திருக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் மத்தேயு, உரோம ஆட்சிக்குக் கீழே வரி தண்டியவர். எங்கள் பேச்சில் அவர் பச்சைத் துரோகி. இன்னொருவர் சீமோன், தீவிரவாதி என்று பட்டம் பெற்றவர். அந்தக் காலத்தில் அது ஒரு ஆயுத இயக்கத்தின் பெயரா, மதப்பற்றைக் குறித்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எப்படியாயினும், நாட்டுப்பற்றால் கொதித்த ஒருவரும் எதிரிக்கு வரி தண்டிய ஒருவரும் ஒரே பந்தியில் இருந்தார்கள். மத்தேயு வரித்துறையை விட்டு வந்தார், அது உண்மை. வந்தபின் அவரை யாரும் பழசைச் சொல்லி எழுப்பிவிடவில்லை.

எங்கள் அரசியலில் இதற்கு அருகே வந்தவர் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம். தெல்லிப்பழைக் கிறிஸ்தவக் குடும்பம். சைவர் நிறைந்த காங்கேசன்துறைத் தொகுதி. அவருடைய மதத்தைச் சொல்லியே அவருக்கு எதிராக வாக்குக் கேட்டார்கள். 1952இல் சேர். பொன். இராமநாதனின் மருமகன் நடேசனிடம் தோற்றார். 1970இல் சுந்தரலிங்கமும் சைவருக்குச் சைவர் என்ற கொடியோடு வந்தார். செல்வநாயகம் மதத்தை மறைக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை, பதிலுக்கு எவர் மதத்தையும் இழுக்கவும் இல்லை. அந்த மெல்லிய குரலில் தன் கொள்கையை மட்டும் சொன்னார். 1975 பெப்ரவரி இடைத்தேர்தலில் அதே தொகுதி அவருக்கு 25,000க்கு மேல் வாக்குக் கொடுத்தது. சைவ மக்கள் ஒரு கிறிஸ்தவரைத் 'தந்தை' என்று அழைத்தார்கள்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அவர் வாயால் துரோகி என்று எவரையும் இழித்ததாக நான் அறியவில்லை. அவருடைய கட்சி மேடையில் மற்றவர்கள் இழித்தார்கள். அவர் அருகில் இருந்தார். உடல் தளர்ந்திருந்தது, இளைஞர்களை இழக்கப் பயமிருந்தது, காரணங்கள் உண்டு. என் கணிப்பில், தான் இகழாமல் இருப்பது பாதிக் கடமை. பக்கத்தில் இருப்பவன் இகழும்போது 'தம்பி, நிப்பாட்டும்' என்று சொல்வது மீதிப் பாதி. அந்த மீதியை அவர் செய்யவில்லை.

செய்த ஒருவரைச் சொல்லவேண்டும், அவர் சிங்களவர். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1962 முதல் அந்த மறைமாவட்டத்தின் ஆயர், குடிசார் உரிமைகள் இயக்கத்தின் முன்னணியாளர். 1983 யூலை 23 இரவு, உரும்பிராயிலிருந்து பலாலி வீதி வழியே யாழ்ப்பாணம் போகும்போது வருகிற திருநெல்வேலியில், கண்ணிவெடித் தாக்குதலில் 13 சிப்பாய்கள் இறந்தார்கள். அடுத்த நாட்களில் தெற்கில் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். ஆயர் அப்போது இங்கிலாந்தில் விடுப்பில் இருந்தார். நாடு திரும்பி, அகதிகளைப் பார்த்தார், யாழ்ப்பாணத்துக்கே வந்தார். ஒரு சிங்களவராகத் தமிழர் முன்னால் வெட்கத்தைச் சொன்னார். செப்டம்பரில் தன் மறைமாவட்டப் பேரவையில், பெரும்பாலும் சிங்களவர் இருந்த சபையில், அதையே திருப்பிச் சொன்னார். என்ன ஆத்திரமூட்டல் இருந்தாலும் நிராயுதபாணிகளான தமிழரைத் தாக்கியதை ஒழுக்கத்தின்படி நியாயப்படுத்த முடியாது, சிங்கள மக்கள் இதை ஒத்துக்கொண்டு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது அந்த உரையின் சாரம்.

அன்றைய தெற்கில் அது எவ்வளவு கசந்திருக்கும்! 13 சிப்பாய்களை மறந்துவிட்டாரா என்று கேட்டிருப்பார்கள். அவர் மறக்கவில்லை. தமிழ் ஆயுதக் குழுக்களின் வன்முறையையும் ஏற்கவில்லை. ஆனால் கணக்கைச் சமப்படுத்தி 'இரு தரப்பும் பிழை' என்று நழுவவில்லை. தன் ஆட்களின் பிழையைத் தன் ஆட்களிடம் சொன்னார். மற்றவர்களிடம் மன்னிப்பைக் கொண்டுபோனார். அந்த அலைச்சல் அவருடைய பலவீனமான இதயத்துக்குத் தாங்கவில்லை. 1983 ஒக்டோபர் 23 அன்று, 56 வயதில் இறந்தார். யாழ்ப்பாணத்தில் இவர் பெயரைத் தெரிந்த இளைஞர் எத்தனை பேர்?

இகழாதே என்று கேட்பதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. மரியாதையாகப் பேசு என்று சொல்வது எப்போதும் அடிவாங்கியவனுக்குத்தான் சொல்லப்படுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடித் தெருவில் நிற்கிற தாய் ஒரு அமைச்சரைப் பார்த்துச் சபித்தால், அருகே போய் 'அம்மா, எதிரியை நேசியுங்கோ' என்று சொல்கிற போதகரை நான் மதிக்கமாட்டேன். அந்தச் சாபம் இகழ்ச்சி இல்லை. அவள் இன்னும் பதிலை எதிர்பார்க்கிறாள், பதில் சொல்லவேண்டியவன் என்று அவனை மதிக்கிறாள். சங்கீதப் புத்தகம் முழுக்க இந்த வகைச் சாபங்கள் கிடக்கின்றன. மரியாதை கேட்கவேண்டிய இடம் வேறு. வயிறு நிறைந்து, பாதுகாப்பாகக் கதிரையில் இருந்து, அடுத்த கட்சித் தமிழனை நாயே பேயே என்று காணொளி போடுகிறவனிடம் கேட்கவேண்டும். அதைச் சிரித்துக்கொண்டே பகிர்கிற எங்களிடம் கேட்கவேண்டும்.

ஆகவே பெரிய பிரகடனங்கள் வேண்டாம். கோப்பாய்த் தொகுதியில் உள்ள பங்குத்தந்தையர், போதகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஞாயிறு மன்றாட்டில், உங்கள் சபைக்குப் பிடிக்காத அரசியல்வாதிக்காகப் பெயர் சொல்லி ஒரு தரம் செபியுங்கள். சபையில் முணுமுணுப்பு எழும், எழட்டும். கோயில் மண்டபத்தில் யாராவது ஒருவரைத் துரோகி என்றால், 'அவர் என்ன செய்தவர் எண்டு சொல்லுங்கோ அண்ணை' என்று கேளுங்கள். செய்ததைச் சொன்னால் அதைப் பற்றிப் பேசலாம். சைவப் பெரியோரை அழைத்து, எங்கள் மிஷன் அச்சகங்கள் போட்ட பழைய ஏளனப் பிரசுரங்களுக்காக வெட்கத்தைச் சொல்லுங்கள். நூற்றெழுபது வருடம் பிந்தினாலும் பரவாயில்லை. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்தவுடன், அதே மண்டபத்தைத் திறந்து எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள். பேச்சுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் பேசி முடிந்ததும் ஒருவரையும் போகவிடாதீர்கள். எல்லாரையும் ஒரே பந்தியில் இருத்தி, சோறு போட்டு அனுப்புங்கள்.